இரத்தக்கசிவு நின்ற பிறகும் தொடரும் ஆபத்து: மூளை இரத்தக்குழாய்ச் சுருக்கம்

மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு, காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ கொண்டு செல்லப்பட்ட ஒருவருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிடுகிறது. நான்காம் நாள் அவர் கண் திறந்து பார்க்கிறார், பிள்ளைகளை அடையாளம் காண்கிறார், கஞ்சி வேண்டும் என்கிறார். குடும்பத்தாருக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருக்கிறது. "எப்போது ஊருக்குக் கூட்டிப் போகலாம்?" என்று கேட்கத் தொடங்குகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனும் தொலைபேசியில் இதையே கேட்கிறார். மருத்துவரோ, "இன்னும் பத்து நாளாவது இருக்க வேண்டும். இனிமேல்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்" என்கிறார்.

இந்தப் பதில் பலருக்கும் புரிவதில்லை. கசிவு நின்றுவிட்டது, அறுவை சிகிச்சையும் முடிந்துவிட்டது, நோயாளி பேசவும் செய்கிறார், பிறகு ஏன் இத்தனை நாட்கள் என்ற ஐயம் எழுகிறது. பில்லை ஏற்றுவதற்காகத்தான் வைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகமும் சிலருக்கு வருகிறது. நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும்போது இப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் மருத்துவர் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இந்த வகை இரத்தக்கசிவில் முதல் ஆபத்து கசிவு. இரண்டாம் ஆபத்து, கசிந்த இரத்தத்தால் மூளையின் இரத்தக்குழாய்கள் நாட்கணக்கில் சுருங்கிக் கிடப்பது. அது பெரும்பாலும் நான்காம் நாளுக்குப் பிறகுதான் வருகிறது.

எந்த வகை இரத்தக்கசிவு?

"மூளையில் இரத்தக்கசிவு" என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகைகள் உண்டு. உயர் இரத்த அழுத்தத்தால் மூளைத் திசுவுக்குள்ளேயே சிறு குழாய் வெடித்து இரத்தம் கட்டுவது ஒரு வகை. தலையில் அடிபட்டு மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையே இரத்தம் தேங்குவது இன்னொரு வகை.

நாம் இங்கே பேசுவது மூன்றாவது வகையைப் பற்றி. மூளையைச் சுற்றி மெல்லிய சவ்வுகள் உள்ளன. அவற்றுக்கு இடையில் நீர் ஓடும் குறுகிய இடைவெளி இருக்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய தமனிகள் இந்த இடைவெளி வழியாகத்தான் செல்கின்றன. அந்தத் தமனிகளில் ஓர் இடத்தில் சுவர் பலவீனமாகி, பழைய சைக்கிள் டியூபில் கொப்புளம் கிளம்புவதுபோல் புடைத்து நிற்கலாம். இதை 'அனூரிசம்' என்பார்கள். அது ஒருநாள் வெடித்தால் இரத்தம் அந்த நீர் இடைவெளியில் பரவி, தமனிகளையே சூழ்ந்துகொள்கிறது. இதற்கு 'சப்அரக்னாய்டு' இரத்தக்கசிவு என்று பெயர்.

வயது வந்தோரில் நூறு பேரில் சுமார் மூன்று பேருக்கு இத்தகைய புடைப்பு இருக்கக்கூடும் என்று உலக அளவிலான ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஆயுள் முழுதும் வெடிப்பதில்லை. வெடிக்கும் வாய்ப்பை அதிகமாக்குபவை முக்கியமாக மூன்று: கட்டுப்படாத இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் ஏற்கெனவே இந்நோய் இருப்பது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. மற்ற பக்கவாதங்களைவிடச் சற்று இளைய வயதிலேயே, நாற்பது ஐம்பதுகளில் கூட வருகிறது. குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயது அது.

அறிகுறியை ஒரு தடவை தெரிந்துகொண்டால் மறக்காது. சில நொடிகளில் உச்சத்தைத் தொடும், வாழ்நாளில் அதுவரை கண்டிராத தலைவலி. தலையில் சம்மட்டியால் அடித்ததுபோல் இருந்தது என்பார்கள். கூடவே வாந்தி, கழுத்தை முன்னால் குனிய முடியாத விறைப்பு, வெளிச்சம் பட்டால் கண்கூச்சம், சிலருக்கு மயக்கம் அல்லது வலிப்பு வரும். இதைப் பித்தம், வெயில், கழுத்துச் சுளுக்கு என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்துவிடுவது பெரிய ஆபத்து. அதிலும் ஆஸ்பிரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாக எடுக்கவே கூடாது.

சுருக்கம் எப்படி ஏற்படுகிறது?

தமனியின் சுவரில் தசை இருக்கிறது. அது தளர்ந்தால் குழாய் விரியும், இறுகினால் சுருங்கும். உடல் நலமாக இருக்கும்போது இந்த இரண்டும் சமநிலையில் இருக்கும். நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு குழாயைத் தளர்த்துகிறது. எண்டோதீலின் என்ற பொருள் அதை இறுக்குகிறது.

இரத்தம் குழாய்க்குள் ஓடும்வரை தீங்கில்லை. அதே இரத்தம் குழாய்க்கு வெளியே தேங்கினால் கதை மாறுகிறது. தேங்கிய சிவப்பணுக்கள் ஒரே நாளில் சிதைவதில்லை. இரண்டு மூன்று நாட்கள் கழித்து அவை உடையத் தொடங்கும்போது, உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் வெளியேறி தமனியின் வெளிச்சுவரை நனைக்கிறது. அது குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. இறுக்கும் பொருள்களின் கை ஓங்குகிறது. தசைச் செல்களுக்குள் கால்சியம் புகுந்து அவற்றை இறுக்குகிறது. கூடவே அழற்சி ஏற்பட்டுச் சுவரும் தடிக்கிறது.

இதனால்தான் இந்த ஆபத்து உடனே வராமல் தாமதித்து வருகிறது. கெண்டைக்காலில் நரம்பு இழுத்தால் சில நிமிடங்களில் விட்டுவிடும். இந்த இறுக்கம் அப்படி விடுவதில்லை. வெளியே தேங்கிய இரத்தம் கரைந்து நீங்கும்வரை, இரண்டு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கிறது. மருத்துவத்தில் இதை 'வாசோஸ்பாசம்' என்கிறார்கள்.

குழாய் கொஞ்சம்தானே சுருங்குகிறது என்று நினைக்க வேண்டாம். குழாய் வழியே பாயும் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது இயற்பியல் விதி. அழுத்தம் மாறாமல் இருக்க, குழாயின் அகலம் பாதியானால் பாயும் அளவு பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடும். உடல் இதைச் சமாளிக்க அடுத்துள்ள சிறு குழாய்களை விரித்துக் கொடுக்கிறது. அந்தச் சமாளிப்பும் தீர்ந்துபோனால் மூளையின் ஒரு பகுதி பட்டினி கிடக்கிறது. அது நீடித்தால் அந்தப் பகுதி நிரந்தரமாகச் செயலிழக்கிறது. அதாவது, கசிவிலிருந்து தப்பிய நோயாளிக்கு மருத்துவமனைப் படுக்கையிலேயே பக்கவாதம் வருகிறது.

நாள் கணக்கு

இந்த நோயில் கசிவு ஏற்பட்ட நாளிலிருந்துதான் கணக்கு. மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்தோ அறுவை சிகிச்சை நாளிலிருந்தோ எண்ணக் கூடாது. தலைவலி வந்து மூன்று நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்தவருக்கு, சேர்ந்த மறுநாளே ஆபத்துக் காலம் தொடங்கிவிடும். ஆகவே தலைவலி தொடங்கிய நாளையும் நேரத்தையும் மருத்துவரிடம் சரியாகச் சொல்வது குடும்பத்தாரின் முதல் கடமை.

முதல் 3 நாட்கள்: மீண்டும் வெடிக்கும் ஆபத்து அதிகம், அதிலும் முதல் 24 மணி நேரத்தில் மிக அதிகம். எனவேதான் புடைப்பை விரைவாக அடைக்கிறார்கள். மண்டையைத் திறந்து அதன் கழுத்தில் சிறு உலோகக் கிளிப் போடுவது ஒரு முறை. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்பும் 'காயிலிங்' இன்னொரு முறை.

4 முதல் 14 நாட்கள் வரை: சுருக்கத்தின் காலம். பெரும்பாலானவர்களுக்கு 7 முதல் 10 நாட்களுக்குள் உச்சத்தில் இருக்கும்.

14 முதல் 21 நாட்கள் வரை: குழாய்கள் மெல்ல மெல்லப் பழைய அளவுக்குத் திரும்பும். சிலருக்கு மட்டும், குறிப்பாக முதலில் அதிகமாக இரத்தம் கசிந்தவர்களுக்கு, சுருக்கம் இதற்கு மேலும் நீடிக்கிறது. அவர்களை இன்னும் கூடுதல் நாட்கள் வைத்திருக்க வேண்டியிருக்கும்.

கிளிப் போட்டாலும் காயில் வைத்தாலும் அவை புடைப்பைத்தான் அடைக்கின்றன, ஏற்கெனவே வெளியேறிய இரத்தத்தை அகற்றுவதில்லை. அறுவை சிகிச்சை வெற்றி என்பதும் ஆபத்துக் காலம் முடிந்தது என்பதும் ஒன்றல்ல என்பதற்குக் காரணம் இதுதான்.

படம் எடுத்துப் பார்த்தால் இந்நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஏதோ ஓர் அளவில் குழாய் சுருங்கியிருக்கும். ஆனால் அதன் பாதிப்பு வெளியே தெரிவது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான். "ஸ்கேனில் சுருக்கம் தெரிகிறது" என்று மருத்துவர் சொன்னவுடன் எல்லாம் முடிந்தது என்று கலங்கத் தேவையில்லை. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நேரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாறு

மூளை இரத்தக்குழாய்களுக்குள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை 1927-ல் போர்த்துகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் உருவாக்கினார். 1937-ல் அமெரிக்காவின் வால்ட்டர் டேண்டி, புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டு அடைக்கும் அறுவை சிகிச்சையைச் செய்து காட்டினார். கசிவுக்குப் பிறகு குழாய்கள் சுருங்குவதைப் படங்களில் தெளிவாகக் காட்டியவர்கள் ஆர்தர் எக்கரும் பால் ரீமன்ஷ்னைடரும். அது 1951-ஆம் ஆண்டு.

தமிழ்நாட்டில் மூளை அறுவை சிகிச்சை வேரூன்றியதும் அதே காலத்தில்தான். 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1950-ல் சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கினார். இவர்கள் இருவரும் டாக்டர் எஸ்.டி. நரசிம்மன், டாக்டர் பல்தேவ் சிங் ஆகியோருடன் சேர்ந்து 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள்.

இந்தியாவில் அனூரிசம் எந்த அளவுக்குக் காணப்படுகிறது என்பது பற்றி ராமமூர்த்தி 1969-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே அது குறைவாகவே காணப்படுகிறது என்பது அன்றைய கணிப்பு. அன்று சி.டி. ஸ்கேன் கிடையாது. ஆஞ்சியோகிராம் எடுக்கும் இடங்களும் மிகச் சில. கடும் தலைவலியோடு கிராமத்தில் இறந்தவர் எந்தக் கணக்கிலும் வராமல் போயிருப்பார். பிற்காலத்தில் ஸ்கேன் வசதி மாவட்டங்களுக்குப் பரவியபோது நோயும் கூடுதலாகக் கண்டறியப்பட்டது. நம் ஊர்ப்பக்கம் "திடீரென்று தலைவலி என்றார், விழுந்தார், போய்விட்டார்" என்று சொல்லப்படும் மரணங்களில் சிலவற்றுக்காவது இது காரணமாக இருந்திருக்கலாம்.

1978-ல் கனடாவைச் சேர்ந்த பிரைஸ் வீர் குழுவினர், சுருக்கம் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் உச்சம் தொடுகிறது என்பதைக் கணக்கிட்டு வெளியிட்டனர். 1980-ல் மில்லர் ஃபிஷர் குழுவினர், முதல் ஸ்கேனில் எவ்வளவு இரத்தம் தெரிகிறதோ அதற்கேற்பப் பின்னால் சுருக்கம் வரும் வாய்ப்பும் கூடுகிறது என்று காட்டினர். இன்றும் மருத்துவர்கள் "ஃபிஷர் கிரேடு" என்று குறிப்பிடுவது இதைத்தான். உங்கள் நோயாளிக்கு அது எத்தனை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

மிக முக்கியமான கருவி செவிலியரின் கண்தான். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியை எழுப்பி, பெயர் கேட்டு, கைகளைத் தூக்கச் சொல்லி, கண்ணில் விளக்கடித்துப் பார்ப்பார்கள். "தூங்கவே விடமாட்டேன் என்கிறார்கள்" என்று குடும்பத்தார் வருந்துவதுண்டு. அந்தச் சோதனையில்தான் மூளையின் பட்டினி முதன்முதலில் தெரியும்.

அடுத்தது டாப்ளர். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டில் கருவியை வைத்து, உள்ளே தமனியில் இரத்தம் ஓடும் வேகத்தை ஒலி அலைகளால் அளக்கும் முறை. 1982-ல் ரூன் ஆஸ்லித் இதை அறிமுகப்படுத்தினார். தண்ணீர்க் குழாயின் முனையை விரலால் பாதி மூடினால் நீர் பீய்ச்சியடிக்கும் அல்லவா, அதுபோலக் குழாய் சுருங்கினால் வேகம் கூடும். நடு மூளைத் தமனியில் நொடிக்கு 120 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை, 200-ஐத் தாண்டினால் கடுமையான சுருக்கம் என்று பொதுவாகக் கொள்வார்கள். ஊசியோ கதிர்வீச்சோ இல்லாத சோதனை என்பதால் தினமும் செய்யலாம். ஐயம் வலுத்தால் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து உறுதி செய்வார்கள்.

இரத்தத்தில் சோடியத்தின் அளவையும் அடிக்கடி பார்ப்பார்கள். இந்நோயில் உப்பும் நீரும் சிறுநீரில் அதிகமாக வெளியேறுவது உண்டு. உடலில் நீர் குறைந்தால் சுருங்கிய குழாய் வழியே செல்லும் இரத்தம் மேலும் குறைந்துவிடும்.

பயன் தரும் சிகிச்சை எது, தராதது எது?

இந்நோய்க்கு நிரூபிக்கப்பட்ட முதன்மை மருந்து நிமோடிபின். கால்சியம் செல்லுக்குள் புகுவதைத் தடுக்கும் மாத்திரை. 1989-ல் பிரிட்டனில் 554 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கு மூளைப் பகுதி செயலிழந்தது. நிமோடிபின் பெற்றவர்களில் இது 22 சதவீதம்தான். இம்மருந்து குழாயை விரிப்பதைவிட, பட்டினி கிடக்கும் மூளைச் செல்களைக் காப்பதாலேயே அதிகம் உதவுகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். டாப்ளரில் எண் குறையவில்லை என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளல்ல.

அளவு 60 மில்லிகிராம், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாட்கள். 30 மில்லிகிராம் மாத்திரையாக வாங்கினால் நாளுக்கு 12, மொத்தம் 252 மாத்திரைகள். நள்ளிரவிலும் அதிகாலையிலும் வேளை தவறக் கூடாது. இரத்த அழுத்தம் மிகவும் இறங்கினால் அளவைப் பிரித்துக் கொடுக்க மருத்துவர் முடிவு செய்வார். 21 நாட்களுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினால், மீதி நாட்களுக்கான மாத்திரை கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர் மருந்துக்கடைகளில் எல்லா நேரமும் இது கிடைத்துவிடாது.

சுருக்கத்தால் கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ தோன்றினால், மருத்துவர்கள் இரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே உயர்த்துவார்கள். இது பலரைத் திடுக்கிட வைக்கிறது. "பிரஷர் கூடித்தானே வெடித்தது, இப்போது ஊசி போட்டு பிரஷரை ஏற்றுகிறார்களே" என்கிறார்கள். புடைப்பை அடைப்பதற்கு முன்பு அழுத்தம் உயர்ந்தால் ஆபத்து. அடைத்த பிறகு, சுருங்கிய குழாய் வழியே இரத்தத்தைத் தள்ள அழுத்தம் தேவைப்படுகிறது. இரண்டும் வேறு வேறு கட்டங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் மீண்டும் தமனி வழியே குழாய் செலுத்தி, சுருங்கிய இடத்தில் மருந்தைப் பாய்ச்சுவார்கள், அல்லது சிறு பலூனை விரித்துக் குழாயை அகலப்படுத்துவார்கள். இதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவரும் கேத் லேபும் இரவு பகலாக இருக்க வேண்டும்.

பயன் தராதவற்றையும் தெரிந்துகொள்வது நல்லது. மெக்னீசியம் ஊசி உதவும் என்று நம்பப்பட்டது. 2012-ல் வெளியான 1,204 நோயாளிகளின் ஆய்வில் பலனில்லை. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் உதவும் என்று நம்பப்பட்டது. 2014-ல் வெளியான 803 நோயாளிகளின் ஆய்வில் அதுவும் பலன் தரவில்லை. எண்டோதீலினைத் தடுக்கும் கிளாசோசென்டான் என்ற மருந்து குழாய்ச் சுருக்கத்தைக் குறைத்தபோதும், முந்தைய பெரிய ஆய்வுகளில் நோயாளிகளின் நிலையை மேம்படுத்தவில்லை. ஆயினும் ஜப்பான் 2022-ல் அதற்கு அனுமதி அளித்தது. முதுகுத்தண்டு வழியாகச் சிறு குழாய் வைத்து இரத்தம் கலந்த நீரை வடித்தால் பின்விளைவுகள் குறைகின்றன என்று 287 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-ல் தெரிவித்தது. ஆகவே "வெளிநாட்டில் புது ஊசி வந்திருக்கிறதாமே" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பிக் கடன் வாங்குவதற்கு முன், நோயாளியைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

நோயாளியின் குரலும் குணமும் குடும்பத்தாருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஐ.சி.யூ.வில் பார்க்க அனுமதிக்கும் அந்தச் சில நிமிடங்களில் அழுதுகொண்டு நிற்பதைவிட, இவற்றைக் கவனித்துச் சொல்வது அவருக்குப் பேருதவி:

• நேற்றைவிட இன்று அதிகமாகத் தூங்குகிறாரா? எழுப்பச் சிரமமாக இருக்கிறதா?
• பேச்சு தடுமாறுகிறதா? வார்த்தை கிடைக்காமல் திணறுகிறாரா? பொருளில்லாமல் பேசுகிறாரா?
• ஒரு கை அல்லது கால் மட்டும் தளர்ந்திருக்கிறதா? வாய் ஒருபுறம் கோணுகிறதா?
• இடம், நாள், ஆள் மாறிச் சொல்கிறாரா? காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா?
• தலைவலி மறுபடி கூடுகிறதா?

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் "அசதியாக இருக்கும்" என்று விட்டுவிடாமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். இங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

இங்கிலாந்து நடிகை எமிலியா கிளார்க் 2011-ல், 24 வயதில், இதே வகைக் கசிவுக்கு ஆளானார். புடைப்பு அடைக்கப்பட்டது. சுமார் இரண்டு வாரம் கழித்து ஒருநாள், பெயரைக் கேட்ட செவிலியரிடம் தன் முழுப் பெயரைச் சொல்ல முடியாமல் திணறினார். மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். ஒரு வாரத்தில் பேச்சு திரும்பியது. இதை அவரே 2019-ல் எழுதினார். அந்த நேரத்தில் அவர் மருத்துவமனையில் இருந்தது எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள்.

காரைக்குடியிலிருந்து எங்கே, எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், இளையான்குடிப் பகுதி மக்களுக்கு மூளை அறுவை சிகிச்சைக்கான பெரிய மருத்துவமனைகள் மதுரையிலும் திருச்சியிலும் தஞ்சையிலும் உள்ளன. காரைக்குடியிலிருந்து மேலூர் வழியாக மதுரையும், புதுக்கோட்டை வழியாகத் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

கடும் தலைவலி வந்தால் முதல் வேலை, 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போவது. தலைவலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் நல்ல ஸ்கேனில் ஏறத்தாழ எல்லாக் கசிவுகளும் தெரிந்துவிடும். நேரம் தள்ளத் தள்ளத் தவறவிடும் வாய்ப்பு கூடும். அப்போது முதுகில் நீர் எடுத்துச் சோதிக்க வேண்டி வரும்.

வேறு ஊருக்கு மாற்றும்போது சேருமிடத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கிளிப்பிங், காயிலிங் இரண்டும் செய்ய முடியுமா? பிறகு சுருக்கம் வந்தால் இரவிலும் ஆஞ்சியோகிராம் எடுத்துச் சிகிச்சை தருவார்களா? இரண்டு வாரம் ஐ.சி.யூ. இடம் கிடைக்குமா? முதல் கேள்வியோடு நிறுத்திவிட்டால், எட்டாம் நாள் நோயாளியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஊருக்கு ஓட நேரலாம். ஸ்கேன் படங்களின் சி.டி.யும் முதல் மருத்துவமனையின் குறிப்பும் கட்டாயம் கையில் இருக்கட்டும்.

செலவைப் பொறுத்தவரை, தொகையை அறுவை சிகிச்சைக்கு மட்டும் கணக்கிடாமல், குறைந்தது 14 நாட்களுக்குக் கணக்கிட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். நகையை அடகு வைத்து அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டிவிட்டு, ஆறாம் நாள் கையில் காசில்லாமல் "எங்கள் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். சுருக்கம் உச்சம் தொடும் நாட்களில் நோயாளி வீட்டில் இருப்பார். தனியார் மருத்துவமனையில் பணம் போதாது என்று தெரிந்தால், வீட்டுக்குப் போகாமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றக் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அட்டை இல்லாதவர்கள் நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே எடுத்துவைப்பது நல்லது. 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்துக்கானது, இந்நோய்க்குப் பொருந்தாது. உதவித்தொகை திரட்டும் ஜமாஅத்துகளும் சங்கங்களும் அறுவை சிகிச்சைக்கு மட்டும் கொடுத்து நிறுத்தாமல், அதற்குப் பிந்தைய இரண்டு வாரத்துக்கும் ஒரு பகுதியை ஒதுக்கினால் அது உயிரைக் காக்கும் உதவியாகும்.

வீடு திரும்பிய பிறகு

நிமோடிபின் 21 நாட்கள் முடியும்வரை வேளை தவறக் கூடாது, உடலில் நீர் குறையக் கூடாது. ரமளான் மாதம் இடையில் வந்தால் இது நினைவிருக்கட்டும். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றும் சலுகையை மார்க்கமே வழங்கியிருக்கிறது. உடல் தேறியபின் எப்போது நோன்பு வைக்கலாம், எப்போது விமானத்தில் பயணம் செய்யலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சிலருக்குச் சில வாரங்கள் கழித்து மூளையில் நீர் தேங்கலாம். நடை தடுமாறுவது, மறதி கூடுவது, சிறுநீர் அறியாமல் போவது இதன் அறிகுறிகள். உடனே காட்டினால் சரிசெய்ய முடியும். பார்ப்பதற்கு முழுதும் குணமானவர்போல் இருந்தாலும், களைப்பு, மறதி, மனச்சோர்வு மாதக்கணக்கில் நீடிக்கும். இதைச் சோம்பேறித்தனம் என்று குடும்பத்தார் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடன் 1988 பிப்ரவரியில், 45 வயதில், இதே நோய்க்கு அறுவை சிகிச்சை பெற்றார். மே மாதத்தில் இரண்டாவது புடைப்புக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. செனட் பணிக்குத் திரும்ப அவருக்கு ஏழு மாதங்கள் ஆயின.

புகைப்பதை நிறுத்துவதும் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் இனி வாழ்நாள் கடமை. உடன்பிறந்தோர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரில் இருவருக்கு இந்நோய் வந்திருந்தால், மற்றவர்களும் ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது குறித்து மருத்துவரிடம் ஆலோசிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியாவிட்டாலும் இரண்டை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சம்மட்டி அடித்ததுபோல் தலைவலி வந்தால் அன்றே ஸ்கேன். கசிவு உறுதியானால், தலைவலி வந்த நாளிலிருந்து எண்ணிப் பதினான்கு நாட்கள் வரை, மருத்துவர் அனுப்பினாலொழிய, நோயாளியை மருத்துவமனையிலிருந்து அழைத்துச் செல்லாதீர்கள்.